சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலி

என் நாற்காலியில் உட்காராதவர்கள் தாம்பரத்தில் குறைவு. கிழக்குத் தாம்பரத்தில் ஆரம்பித்து மாடம்பாக்கம் வரைக்கும், அந்தப் பக்கம் மேடவாக்கத்தைத் தாண்டிக் கோவிலம்பாக்கம் வரைக்கும், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணமோ, காதுகுத்தோ, மாதா கோயில் திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, சாவு வீடோ, எது நடந்தாலும் பந்தலும் நாற்காலியும் மைக் செட்டும் என் கடையிலிருந்துதான் போகும். ஒவ்வொரு இரும்பு நாற்காலியின் முதுகிலும் என் கடைப் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருப்பேன். மந்திரி உட்கார்ந்தாலும் சரி, கலெக்டர் உட்கார்ந்தாலும் சரி, அவர் முதுகுக்குப் பின்னால் என் கடைதான் இருக்கும்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு பந்தலுக்குச் சவுக்குக் கட்டை சுமக்கப் போனேன். சுமந்து சுமந்து தோளில் காய்ப்பு ஏறியது. அந்தக் காய்ப்பு இன்றைக்கும் இருக்கிறது. கேட்பவர்களுக்குச் சட்டையைக் கழற்றிக் காட்டுவேன். அப்படிச் சுமந்தவன்தான் சொந்தக் கடை வைத்து, லாரி வாங்கி, மாடி வீடு கட்டி, கடைசியில் எங்கள் பகுதி உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராகவும் ஆனேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக் கொடுத்தது நான். பெஞ்சு செய்து போட்டது நான். ஐந்தாவது படித்தவன் பத்தாவது வரைக்கும் இருக்கிற பள்ளிக்குத் தலைவர் என்றால் சும்மாவா? ஊரே மெச்சியது. என் மனைவி மட்டும் மெச்சவில்லை. "செவுரு கட்டினா தலைவராய்யா? அப்போ கொத்தனாரும் தலைவர்தான்" என்பாள்.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சாயங்காலம் வந்து பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மாவைப் பற்றி.

எண்பதுகளின் பின்பாதி அது. ஹெட்மாஸ்டர் ஒரு நாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பத்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தேறுவதில்லை, கல்லுடைக்கவும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, சுற்றிலும் இத்தனை காலனி வந்திருக்கிறது, படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் யாராவது வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். என்னிடம் ஒன்றைச் சொன்னால் நான் ஆறப் போட மாட்டேன். அந்த வாரமே ஆட்டோவில் ஹார்ன் கட்டி, காலனி காலனியாக அறிவிப்புச் செய்தேன். பள்ளி மைதானத்தில் சாமியானா போட்டு, சீரியல் பல்பு கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ் மில்க் கொடுத்துத் தொடக்க விழா நடத்தினேன். பேங்க்காரர்கள், ஆபீஸ்காரர்கள், காலேஜில் வேலை பார்ப்பவர்கள் என்று திரண்டு வந்தார்கள். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். போட்டோ எடுத்தோம்.

முதல் வாரம் வகுப்பறை கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஒருவருக்கு ஊரிலிருந்து மாமியார் வந்துவிட்டார். இன்னொருவருக்கு ஆபீசில் ஆடிட். ஒருவருக்குச் சாக்பீஸ் தூசு ஒத்துக்கொள்ளவில்லையாம். கழன்று கழன்று, கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கணக்கு எடுத்தார். இன்னொருவர் அந்த அம்மா. ஆங்கிலத்தில் அடியில் கிடக்கிற பிள்ளைகளை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

டெலிபோன் எக்சேஞ்சில் ஆப்பரேட்டர். நாற்பதை ஒட்டிய வயது. காலை ஷிப்ட் முடிந்தால் நேராக அங்கிருந்து வருவார். ராத்திரி டூட்டி என்றால் பகலில் கொஞ்சம் தூங்கி எழுந்து, சிவந்த கண்ணோடு வருவார். ஹெட்போன் மாட்டி மாட்டி உச்சந்தலையில் முடி அழுந்தி ஒரு வகிடு போல இருக்கும். பிள்ளைகள் "மிஸ்" என்று கூப்பிட்டதற்கு, "மிஸ் உங்க ஸ்கூல்ல இருக்காங்க. நான் அக்கா" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவர் எக்சேஞ்ச் அக்கா. என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் நானும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டேன்.

தலைவர் என்றால் ஒரு தடவை பார்வையிட வேண்டாமா? ஒரு சாயங்காலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வகுப்பறை வாசலில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் பெஞ்சில் இருக்கிறார்கள். எக்சேஞ்ச் அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பையன் எழுந்து நின்று அவர் முதுகைப் பார்த்து ஏதோ படித்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் தொழிலில் இது பெரிய விஷயம். மேடையில் உட்காருகிறவர் கூட்டத்துக்கு முதுகு காட்டினால் அவருக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். மாலை சரியில்லை, வரிசை மாற்றி உட்கார வைத்துவிட்டார்கள், கூல்டிரிங்க் வரவில்லை, ஏதோ ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலியைப் பார்த்தேன். ஒரு கால் ஆடுகிறது, பிரம்பு பிய்ந்திருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். காசு வாங்காமல் வருகிற பெண்மணியை இப்படியா உட்கார வைப்பது? கோபம் வராமல் என்ன செய்யும்?

மறுநாளே என் கடையிலிருந்து ரிசப்ஷன் நாற்காலியை அனுப்பினேன். மாப்பிள்ளை உட்காருவது. சிவப்பு வெல்வெட், கைப்பிடியில் தங்கக் கலரில் சிங்க முகம், முதுகு ஆள் உயரம். தாம்பரத்தில் அப்படி ஒன்று அப்போது என்னிடம் மட்டும்தான் இருந்தது. நாலு ஆள் சேர்ந்தால்தான் நகரும். கரும்பலகைக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்த மாதிரி அதைப் போட வைத்தேன். பக்கத்தில் ஒரு மைக்கும் வைத்தேன். ஆட்கள் போட்டுவிட்டு லாரியோடு பள்ளிக்கரணைக்கு ஒரு கல்யாண வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் கைகட்டி நின்றுகொண்டு அவர் வரக் காத்திருந்தேன்.

வந்தார். பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார், "ரொம்பப் பெரிய மரியாதை சார். ஆனா இதைத் திருப்பிப் போட முடியுமா?"

எதற்கு என்றேன். அப்போதுதான் விவரம் சொன்னார். இந்தப் பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பார்கள், அவ்வளவுதான். ஆங்கிலம் என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இவர் அவர்களைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. ஆனாலும் பயம். ஏன் என்று யோசித்துப் பார்த்தாராம்.

"எக்சேஞ்ச்ல நாள் முழுக்க நான் யார் மூஞ்சியையும் பாக்கறதில்ல சார். குரல்தான். போன்ல எல்லாரும் தைரியமாப் பேசுவாங்க. நேர்ல பாத்தா தலை குனியறவங்க கூட. இந்தப் பசங்க தப்பாச் சொல்லும்போது நான் ஒண்ணும் சொல்றதில்லதான். ஆனா என் மூஞ்சி சொல்லிடுது. அதை நான் எப்படி நிறுத்தறது? அதான் திருப்பிக்கிட்டேன்."

நான் எத்தனை ஊர் பார்த்தவன், எத்தனை கூட்டம் நடத்தினவன். எனக்கே இப்படி ஒரு யோசனை வந்ததில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாற்காலியைத் திருப்ப ஆள் இல்லை. நானும் அவரும் கார்டு சாரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிள்ளைகளை எல்லாம் எழுப்பி நாற்காலிக்குப் பின்னால், கரும்பலகையை ஒட்டித் தரையில் உட்காரச் சொன்னார். அவர் போய் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் காலி பெஞ்சுகள். பின்னாலிருந்து பார்த்தால் அவர் தலைமுடி கூடத் தெரியவில்லை, அவ்வளவு உயரம் அந்த முதுகு. மைக்கை வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டார். பிறகு நாற்காலிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நம்பர் ப்ளீஸ்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எக்சேஞ்சில் லைன் கேட்பவர்களிடம் கேட்பதையே இங்கேயும் கேட்பது அவர் வழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தார். பேசத் தயாராக இருக்கிறவர் தன் நம்பரைச் சொன்னால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். யார் பதில் சொல்லத் திணறினாலும் "சொல்லு, சொல்லு" என்று விரட்ட மாட்டார். "லைன்ல இருங்க" என்பார். அவரும் இருப்பார். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு மதுரையோ பம்பாயோ கிடைக்கும் வரை காத்திருப்பது போல. அன்றைக்கு ஒரே ஒரு பெண்ணைத் தவிர எல்லோரும் பேசினார்கள். போகும்போது என்னிடம், "நல்ல நாற்காலி அண்ணா. இதுக்குப் பின்னாடி நான் சுத்தமாத் தெரியல" என்றார். சார் போய் அண்ணா ஆனது அன்றைக்குத்தான். அந்த நாற்காலியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டேன். முகூர்த்த நாளில் மட்டும் லாரி வந்து எடுத்துப்போகும். அன்றைக்கு அக்காவுக்குப் பழைய நாற்காலியும் சுவரும்.

பேசாத அந்த ஒரு பெண். நம்பர் பதினேழு. மாடம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருவாள். அம்மா சித்தாள். அப்பா இல்லை. வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் யாருமில்லை. வாத்தியார்களே அவளை ஊமை என்றுதான் சொல்வார்கள். எக்சேஞ்ச் அக்காவிடமும் முதலில் அப்படித்தான். "பதினேழு" என்பாள், அத்தோடு சரி. அக்கா "லைன்ல இருங்க" என்பார். வகுப்பு முழுக்க அமைதியாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "பரவால்ல, அப்புறம் கால் பண்ணலாம்" என்பார். அடுத்தவருக்குப் போவார். இப்படி மாதக்கணக்கில். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ரோடு எது, குட்டை எது என்று தெரியாது. முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா வருவார், அந்தப் பெண்ணின் மௌனத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவார். நானாக இருந்தால் என்றைக்கோ விட்டிருப்பேன். கட்டை ஊன்ற முடியாத பாறையில் நான் பந்தல் போட ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு நாள் அந்தப் பெண் பேசினாள் என்று கார்டு சார் சொன்னார். ஒரு வாக்கியம்தானாம். மறுநாள் இரண்டு. பிறகு நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பேசுவதை மற்ற பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்களாம்.

அரைப்பரீட்சை வந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெண் வகுப்பிலேயே அதிக மார்க். வழக்கமாக முதலாவதாக வருகிற பையனைவிட அதிகம்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அங்கேதான் வினை. ஆங்கில வாத்தியார் அது காப்பி என்றார். கெட்டவர் இல்லை அவர், உழைப்பாளி. ஆனால் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாத பெண், அடியிலிருந்து ஒரே தாவாகத் தாவினால் அவருக்கு எப்படி நம்பிக்கை வரும்? கட்டுரையை அவள் நோட்ஸில் இருந்தபடியும் எழுதவில்லை, கைடில் இருந்தபடியும் எழுதவில்லை. அப்படியென்றால் வேறு எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறாள் என்பது அவர் வாதம். அந்த வருஷம் காப்பி விஷயத்தில் ஹெட்மாஸ்டர் ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். அவள் பெயரைப் பள்ளி மூலமாகப் பொதுத்தேர்வுக்கு அனுப்புவதில்லை, பிறகு பிரைவேட்டாக எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். பிரைவேட்டாக எழுதுகிறேன் என்று போன பிள்ளை எழுதி நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போகும், கல்யாணம் ஆகும், அவ்வளவுதான்.

அவள் அம்மா என் கடைக்கு வந்தாள். கையில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கழுவக்கூட இல்லாமல் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள்.

"தலைவரே, எம் பொண்ணு காப்பி அடிச்சிதுன்றாங்கோ. நெசமாடின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்து. அடிச்சேன். அப்பவும் பேசல. இல்லம்மான்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நான் போயி அத்தினி பேரையும் கேட்டுட்டு வந்துடுவேன். அதுவே சொல்லலன்னா நான் இன்னான்னு போயி கேப்பேன்? மேஸ்திரி நாளைக்கே கூட்டினு வான்றாரு, செங்கல்லு தூக்க. இஸ்துகினு போயிடட்டுமா, சொல்லு."

"இரும்மா. நானு எதுக்குக் கீறேன்?" என்றேன்.

கல்லாவிலிருந்து எழுந்து சட்டையை மாட்டினேன். என் மனைவி உள்ளேயிருந்து, "இன்னாய்யா, இங்கிலீஷ் பேப்பரு திருத்தப் போறியா?" என்றாள். காதில் வாங்காமல் கிளம்பினேன்.

ஹெட்மாஸ்டரிடம் நான் என் பாணியில் பேசினேன். இந்த வருஷம் ஆய்வுக்கூடத்துக்குக் கூரை மாற்றித் தருகிறேன், அந்தப் பெண் பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "தலைவரே, நீங்க கேட்டு நான் ஒரு பேரைச் சேர்த்தேன்னா, நாளைக்கு ஊர்ல எல்லாரும் கூரை மாத்த வந்துடுவாங்க. பிள்ளைங்க யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மனுஷன் சொன்னது நியாயம், பந்தல் கட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த எனக்கு நியாயமும் தெரியும். சரி, என்னதான் செய்தால் நம்புவீர்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். அவள் அவர் முன்னால் நின்று, தான் எழுதிய கட்டுரையைத் தன் வாயால் ஆங்கிலத்தில் சொல்லட்டும். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். சொன்னால் பெயர் பொதுத்தேர்வுக்குப் போகும். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஜெயித்தாகிவிட்டது என்று நேராக எக்சேஞ்ச் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷத்தையே காணோம்.

"அந்த ரூம்ல எத்தனை பேர் இருப்பாங்கண்ணா?"

ஹெட்மாஸ்டர், ஆங்கில வாத்தியார், நீங்கள், நான் என்றேன்.

"எல்லாரும் அவளையே பாத்துக்கிட்டு இருப்பாங்க இல்ல?" என்றார்.

ஹெட்மாஸ்டர் அவளை வரச் சொன்ன நாள் முகூர்த்த நாள். சிவப்பு நாற்காலி சேலையூரில் ஒரு மாப்பிள்ளைக்குக் கீழே இருந்தது. இருந்திருந்தாலும் ஹெட்மாஸ்டர் அறைக்குள் அது நுழையாது. அறையில் அவருடைய மர நாற்காலி, மற்றவர்களுக்கு என் கடை இரும்பு நாற்காலிகள். நான் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆங்கில வாத்தியார் எனக்கு எதிரே. அக்காவுக்கு ஓரத்தில் பீரோவை ஒட்டி ஒரு ஸ்டூல். அவர் சம்பளக்காரர் இல்லை, வெளியாள். எதுவும் பேசக்கூடாது என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா கதவுக்கு வெளியே வராந்தாவில் நின்றாள்.

அந்தப் பெண் உள்ளே வந்து நடுவில் நின்றாள். ஹெட்மாஸ்டர் நல்லவிதமாகத்தான் கேட்டார். பயப்படாதே, என்ன எழுதினாயோ அதைச் சொல் என்றார். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். பாவாடையின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினாள். கழுத்து நரம்பு எழும்புகிறது, உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாருங்க சார்" என்றார் ஆங்கில வாத்தியார். "வாயில நாலு வார்த்தை வரல. பேப்பர்ல மட்டும் நாலு பக்கம் எப்படி வந்துது?"

ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டு, பேப்பரை மடிக்கப் போனார். நான் எக்சேஞ்ச் அக்காவைப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் ஏற்கெனவே திரும்பி, பீரோவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அந்த அறையில் மற்றவர்களைத் திரும்பச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. எனக்கு இருந்தது. தலைவர் பதவி எதற்கு என்று என் மனைவி வாழ்நாள் முழுக்கக் கேட்டாளே, அதற்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

எழுந்தேன். என் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துத் திருப்பி, சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்காலி முதுகில் எழுதிய என் கடைப் பெயர் அந்தப் பெண்ணின் பக்கம் போனது.

"தலைவரே, என்ன இது?" என்று ஹெட்மாஸ்டரின் குரல் மட்டும் கேட்டது.

சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "சார், நானு மைக் செட் போட்டா தெரு கோடில கூட கேக்கறாங்கோ. பேசறவன் மூஞ்சி எவனுக்காவது தெரியுதா? கேக்கறதுக்குக் காது போதும் சார். நீங்களும் ஒரு வாட்டி திரும்புங்க. பேசலன்னா நானே அந்தப் பொண்ண கூட்டினு போயிடறேன்."

பிறகு மர நாற்காலி கிரீச்சிட்டது. ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கடைசியாக இன்னொரு இரும்புச் சத்தம். ஆங்கில வாத்தியாரும். நாலு பெரியவர்கள், நாலு திசையில் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு. எனக்கு முன்னால் தேசப்படம் மாட்டியிருந்தது. அதில் தாம்பரம் எங்கே என்று தேடினேன். இல்லை.

"நம்பர் ப்ளீஸ்" என்றார் எக்சேஞ்ச் அக்கா. அது எடுத்துக் கொடுப்பதில் சேராது என்று ஹெட்மாஸ்டருக்கும் தோன்றியிருக்க வேண்டும், தடுக்கவில்லை.

"பதினேழு."

அவ்வளவு மெல்லிய குரல். பிறகு ஆங்கிலம் வந்தது. வால்யூமை அடியில் வைத்து மெதுவாக ஏற்றுவது போல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் ஆயிரம் மேடைக்கு மைக் வைத்தவன் நான். மனப்பாடம் செய்தவன் பேசினால் ரயில் ஓடுவது போல ஒரே வேகத்தில் ஓடும். இவள் நின்றாள், தேடினாள், கிடைத்ததும் போனாள். அவள் சொந்தமாகத்தான் பேசுகிறாள் என்று நான் அந்தத் தேசப்படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டேன்.

ஹெட்மாஸ்டர் திரும்பாமலே ஏதோ ஒரு கேள்வி கேட்டார். பதில் இல்லை. ஆங்கில வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். ஹெட்மாஸ்டர் அதே கேள்வியை இன்னொரு தரம் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் லைன்ல இருங்க சார்" என்றார் எக்சேஞ்ச் அக்கா, பீரோவைப் பார்த்தபடி.

வாழ்க்கையில் ஹெட்மாஸ்டரிடம் அப்படிச் சொன்னவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குரலில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. மனுஷன் லைனில் இருந்தார். நாங்கள் எல்லோரும் இருந்தோம். வெளியே மணி அடித்து, பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு அந்தப் பெண் பதில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். முடித்தபோது ஹெட்மாஸ்டர் பக்கமிருந்து சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு வந்தது. அடுத்த கேள்வியை ஆங்கில வாத்தியார் கேட்டார். அதற்கும் சொன்னாள். அந்த வாத்தியாரைப் பாராட்ட வேண்டும். "கரெக்ட்" என்று முதலில் சொன்னது அவர்தான். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனாலும் அவள் காதில் விழுகிற மாதிரி.

"பேர் பரீட்சைக்குப் போகும்" என்றார் ஹெட்மாஸ்டர். ஜன்னலிலிருந்து அவர் உடனே திரும்பவில்லை.

நான் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசுச்சே தலைவரே. எம் பொண்ணா அது? இன்னா சொல்லிச்சு?"

எனக்கு என்ன தெரியும்? எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற நான் விழித்தேன். நல்லவேளை, பின்னாலேயே எக்சேஞ்ச் அக்கா வந்தார். அவர் அந்த அம்மாவிடம் சொன்னார். மழை நாள் என்று கட்டுரை. எல்லோரும் மயில், தவளை, பச்சைப் பயிர் என்று எழுதினார்கள். உங்கள் பெண், மழை பெய்தால் எங்கள் அம்மாவுக்கு வேலை இருக்காது, வீட்டில் அரிசி இருக்காது, அம்மா எல்லோர் மேலும் எரிந்து விழுவாள், ஆனாலும் எனக்கு மழை நாள் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாள். ஹெட்மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அரிசி இல்லாத நாள் உனக்கு ஏன் பிடிக்கிறது என்று.

"அதுக்கு இன்னா சொல்லிச்சு?"

"அன்னைக்குத்தான் எங்கம்மா பகல்ல வீட்ல இருப்பாங்கன்னு சொன்னா. தலை வாரி விடுவாங்களாம், பழைய கதையெல்லாம் சொல்லுவாங்களாம். கதை கேட்டுக்கிட்டே இருப்பேன், நான் பேசவே வேணாம்னு சொன்னா."

அந்த அம்மா சிமெண்ட் கையால் முகத்தைத் துடைத்தாள். "நானு வூட்ல இருந்தா அதுக்குப் புடிக்குமா?" என்றாள். யாரையும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி. பெண் வெளியே வந்தாள். பையை அவள் கையிலிருந்து அம்மா வாங்கிக்கொண்டாள். ஏரிப் பக்கம் நடந்து போனார்கள். மேஸ்திரி அடுத்த நாளும் வந்து கேட்டாராம். அந்த அம்மா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

தேர்வு முடிவு வந்த அன்று பள்ளி வாசலில் என் செலவில் பந்தல் போட்டேன், யாரும் கேட்காமலே. நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தேறியிருந்தார்கள். பதினேழும். எக்சேஞ்ச் அக்காவுக்கு அன்றைக்கு டூட்டி, லீவு கிடைக்கவில்லை. அந்தப் பெண் நேராக என் கடைக்கு வந்து நின்றாள். வந்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த டெலிபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கள் தெருவிலேயே முதலில் போன் வாங்கியது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எக்சேஞ்சின் டிரங்க் புக்கிங் நம்பரைச் சுற்றினேன். வேறு யாரோ எடுத்தார்கள். இன்ன அம்மாவைக் கொடுங்கள், தாம்பரம் பந்தல் கடையிலிருந்து பேசுகிறேன் என்று அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் வந்தது. "நம்பர் ப்ளீஸ்."

ரிசீவரை அந்தப் பெண் கையில் கொடுத்தேன். அவள் காதில் வைத்தாள். பேசவில்லை. நானும் என் மனைவியும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம், எப்படிப் பேசுவாள்? எனக்குச் சட்டென்று உறைத்தது. மனைவியின் தோளைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினேன். நானும் திரும்பிக்கொண்டேன். வெளியே கேம்ப் ரோட்டுப் பக்கம் போகிற பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது, நம்ம கடைல நம்மளே வெளிய பாத்துகினு நிக்கறோம்" என்றாள் மனைவி.

"சும்மா இருடி. லைன்ல கீறாங்கோ" என்றேன்.

எங்கள் முதுகுக்குப் பின்னால், "பதினேழு" என்றாள் அந்தப் பெண்.